சீனா பார்க்காத சீன அலமாரிகள்

லண்டனில் பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தச்சர்கள் சீன பாணியில் செய்த அலமாரிகள். கறுப்பு அல்லது சிவப்புப் பூச்சின்மேல் தங்க நிறத்தில் வளைந்த கூரை மண்டபங்கள், பாலங்கள், குடை பிடித்த மனிதர்கள். கொண்டுவருபவர்கள் முதலில் கேட்பது, "இது அசலா, போலியா?" அந்தக் கேள்வி இந்தக் கைவேலைக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சீன, ஜப்பானியச் சாமான்களின் பளபளப்பான பூச்சான லாக்கர் ஒரு மரத்தின் பால். ஈரக்காற்றில்தான் இறுகும்; இறுகியபின் ஸ்பிரிட் பட்டாலும் எளிதில் கரையாது. அந்தப் பால் ஐரோப்பியப் பட்டறைகளுக்குக் கிடைக்கவில்லை. செய்துமுடித்த பெட்டிகளும் மடிப்புத் திரைகளும்தான் கப்பலில் வந்தன. சீனத் திரைகள் நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகப் போனதால், சந்தையில் அவற்றுக்கு இன்றும் கோரமண்டல் திரை என்றே பெயர். அவற்றை அறுத்து அலமாரிகளில் ஒட்டினார்கள்; மனிதர்களும் மரங்களும் தலைகீழாகக்கூட நின்றார்கள். 1688இல் இங்கிலாந்தில் ஸ்டாக்கரும் பார்க்கரும் வெளியிட்ட பூச்சுவேலைக் கைநூல் இந்தக் கூத்தைக் கண்டித்திருக்கிறது.

மரப்பால் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் அந்தக் கைநூலில் வழி இருக்கிறது: அரக்கு. இந்தியாவிலிருந்து போன நம் அரக்கேதான். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, விளக்குக் கரி சேர்த்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, இடையிடையே தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். பாறையோ மனித உருவோ புடைத்து நிற்க வேண்டுமென்றால், கோந்துத் தண்ணீரில் சுண்ணப்பொடியும் செம்மண்ணும் குழைத்துக் குச்சியால் சொட்டுச் சொட்டாக வைத்து எழுப்பினார்கள். லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒரு சொட்டின் விளிம்பு அடுத்ததன்மேல் படிந்திருப்பது தெரியும். எவ்வளவு பொறுமையான கை!

பாரிஸ் தச்சர்கள் வேறு வழி பிடித்தார்கள். பிரெஞ்சு அரசி மரி லெக்சின்ஸ்காவுக்காக 1737இல் வான் ரிசன்பர்க் செய்த இழுப்பறை மேசை இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானிய லாக்கர் பலகையை மெல்லிய தகடாகச் சீவி, வளைந்த முகப்பில் பதித்திருக்கிறார். விரிசல் விடாமல் அதை வளைப்பது எத்தனை கஷ்டம் என்பது மரவேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். இங்கிலாந்தில் மரச்சாமான் தச்சர் சிப்பண்டேலின் 1754ஆம் ஆண்டு மாதிரிநூலுக்குப் பிறகு சீனப் பின்னல் வேலைப்பாட்டு நாற்காலிகள் பரவின. அவை எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. ஆனால் அவரே 1771இல் நாஸ்டல் மாளிகைக்குச் செய்த பச்சை, வெள்ளிநிற அரக்குச் சாமான்களை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

அரக்கு என்பதால்தான் சுத்தம் செய்வதில் ஆபத்து. ஸ்பிரிட் தொட்ட பஞ்சு மேல் வார்னிஷோடு அசல் பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடும். அண்மையில் வந்த சிவப்பு அலமாரி ஒன்றில் பித்தளைப் பூட்டுத் தகட்டைக் கழற்றினோம். அடியில் பளிச்சென்ற குங்குமச் சிவப்பு, சுற்றிலும் பழுப்பு. முழுவதையும் அந்தச் சிவப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று உரிமையாளர் கேட்டார். கூடாது என்று சொல்லி, தகட்டடியைப் படமெடுத்துக் கொடுத்தோம். பெயர்ந்துநின்ற சில்லுகளை மட்டும் மீன் பசையால் அமர்த்தினோம். பட்டறைப் பதிவேட்டில் 'சீனப் போலி' என்று எழுதும் பழைய வழக்கத்தை விட்டு, 'இங்கிலாந்து, இந்திய அரக்கு வேலை' என்று எழுதினேன்.