சீமென்ஸ் பிஎல்சியில் வேறு கம்பெனி டிரைவ்: பெயர்ப் பொருத்தம் பாருங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தடா பக்கமும் ஓடும் பழைய லைன்களில், சீமென்ஸ் பிஎல்சியோடு (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) வேறு கம்பெனி டிரைவை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ப்ராஃபிநெட்டில் (ஈதர்நெட் வழியே ஓடும் தொழிற்சாலை நெட்வொர்க்) கோப்பதற்கு முன் டிரைவின் ஜிஎஸ்டிஎம்எல் ஃபைலை (கருவியின் விவரங்கள் உள்ள ஃபைல்) இறக்கி, சீமென்ஸின் ப்ரோகிராமிங் மென்பொருளான டிஐஏ போர்ட்டலில் ஏற்றுங்கள். டிரைவின் ஃபர்ம்வேருக்கு ஏற்ற பதிப்புதானா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்ததுதான் ஆளைச் சுற்றவிடும். டிரைவின் ஐபிக்கு பிங் போகிறது, ஆனாலும் பிஎஃப் (பஸ் ஃபால்ட், அதாவது நெட்வொர்க் கோளாறு) விளக்கு சிவப்பிலேயே நிற்கும். பிஎல்சி கருவியை ஐபி பார்த்துத் தேடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே ஐபி கொடுக்கும். ஆகவே ப்ராஜெக்ட்டில் உள்ள பெயரை ஆன்லைனில் டிரைவுக்குள்ளும் எழுத வேண்டும். சின்ன எழுத்து, எண், ஹைஃபன் போதும். அண்டர்ஸ்கோர் போட்டால் போர்ட்டல் பெயரை வேறாக மாற்றிவிடும், அப்புறம் ஒயரில் ஓடுவது அந்த மாற்றுப் பெயர்தான்.

போர்ட்டலில் டிரைவின் ஸ்லாட்டில் ஸ்டாண்டர்டு டெலிகிராம் 1 (பிஎல்சியும் டிரைவும் பரிமாறும் டேட்டாவின் வடிவம்) வைத்தால் டிரைவின் பாராமீட்டரிலும் அதுவே இருக்கட்டும். உள்ளே 2 வேர்டு (ஒரு வேர்டு 16 பிட்), வெளியே 2 வேர்டு. வேகத்துக்கு 16384 அனுப்பினால் 100 சதவீதம். கன்ட்ரோல் வேர்டில் (டிரைவுக்குக் கட்டளை தரும் வேர்டு) நேரே 047F எழுதினால் மோட்டார் அசையாது. முதலில் 047E, டிரைவ் தயார் என்றதும் 047F. ஹெக்ஸ் கணக்கு இது, டெசிமலில் தட்டிவிட்டு டிரைவைத் திட்டாதீர்கள்.