முன்பணம் வாங்காத தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இனம் பெருகும் காலம், தடை வேண்டியதுதான். ஆனால் படகில் கூலிக்குப் போகிற என் வீட்டுக்காரருக்கு அந்த இரண்டு மாதமும் மீன் விற்ற காசில் பங்கு கிடையாது. இதற்கு எல்லோரும் கண்ட வழி, படகு முதலாளியிடம் முன்பணம் வாங்குவது. வட்டியில்லாத பணம்தானே என்பார்கள். அதைக் கழித்து முடிக்கும்வரை வேறு படகுக்கு மாற முடியாது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2025-இல் முன்பணம் வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தோம். அதே மே மாதம் மூத்தவளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் விசேஷம். இதைவிடச் சிரமமான வருடம் கிடைத்திருக்காது.

அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 5, ஈஸ்டர் ஏப்ரல் 20. தடை தொடங்கியது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அதாவது தவக்காலம் ஏறக்குறைய முழுவதும் கடலில் தொழில் நடக்கும், ஈஸ்டர் முடிந்து நாம் கை திறந்து செலவழிக்கும் நேரத்தில் வருமானம் நின்றிருக்கும். காலண்டரைப் பார்த்தபோது தவக்காலத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சேமிப்பு நமக்குப் புதிதில்லை. அரசின் மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. அதைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இதுவும் முடியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சிக்கனம் என்று பேச்செடுத்தால் முதல் வெட்டு அடுப்பங்கரைக்குத்தான் விழும். எண்ணெய் குறையும், பால் குறையும், பெண்பிள்ளைகளின் தட்டில் மீன் துண்டு சிறுக்கும். அவருடைய சிகரெட், சனிக்கிழமை ராத்திரி பாட்டில், டீக்கடைப் பற்று எதையும் யாரும் தொடுவதில்லை.

இந்த இடத்தில் ஓரியூர் புனிதர் அருளானந்தரை, அதாவது போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ சாமியாரைச் சொல்ல வேண்டும். 1693 பிப்ரவரி 4 அன்று அவர் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டதும், அதன் காரணமும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியிலேயே தெரியும். மறவர் தலைவர் தடியத்தேவர் கிறிஸ்தவராகத் திருமுழுக்குப் பெற வந்தபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று அருளானந்தர் நிபந்தனை வைத்தார். தேவரும் மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவு. முறையீடு அரண்மனைக்குப் போனது. தேவரின் தன்னடக்கத்தைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. புனிதரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒருவர் தன்னை அடக்கும்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி மட்டும் எனக்குண்டு.

அதனால் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அவரவர் வெட்டு அவரவர் செலவில். மற்றவர் செலவில் கை வைக்கக் கூடாது. பைபிளில் கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும் என்று பவுல் எழுதியதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் மேலே ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள் என்றும் இருக்கிறதே என்று அவர் மடக்கினார். சரி, முதலில் உங்கள் சுமையை எடுங்கள், அப்புறம் தாங்குகிறேன் என்றேன். அவர் பாட்டிலையும் பற்றையும் விட்டார். நான் நகைச்சீட்டை நிறுத்தினேன், ஈஸ்டர் சேலையும் எடுக்கவில்லை. மாமியார் யாரும் கேட்காமலே சீரியல் பார்க்கும் டிவிக்கு ரீசார்ஜ் வேண்டாம் என்றார். அவருக்குத்தான் எங்களைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

மனஉறுதியை நம்பி நாங்கள் இறங்கவில்லை. பாவத்துக்கு ஏதுவான சமயங்களை விட்டு விலக வேண்டும் என்று சின்ன வயதில் படித்தது பணத்துக்கும் பொருந்தும். டீக்கடையில் உட்கார்ந்து பங்கு பிரிக்கும்போதுதான் காசு கரையும். அதனால் கணக்கு முடிந்ததும் ஒரு பகுதியை என் மகளிர் குழுக் கணக்கில் போட்டுவிடும்படி என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு எடுத்து வைக்கலாம் என்று இருந்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

பெரிய சண்டை மே மாதம்தான். புதுநன்மை என்றால் ஃபிளெக்ஸ், பந்தல், பிரியாணி. கடன் வாங்கியாவது செய்ய வேண்டும் என்று அவர் நின்றார். கௌரவம் மட்டும் காரணமில்லை. ஊரெல்லாம் நாம் வைத்த மொய் திரும்பி வர வேண்டாமா, விசேஷம் செய்யாவிட்டால் அது போனதுதானே என்று நோட்டை எடுத்து வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் பதில் சொல்லவும் கஷ்டமாக இருந்தது. பந்தல்காரர், சமையல்காரர், ஆட்டுக்கறி என்று எழுதிக் கூட்டினோம். வரும் மொய் அதற்கே போய்விடும் போலிருந்தது. மொய் வைக்கிறவர்களுக்கும் தடைக்காலம்தானே என்று நான் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மாதத்தில் நாம் பத்திரிகை வைத்தால், நமக்கு மொய் வைக்க இன்னொரு வீட்டில் முன்பணம் வாங்குவார்கள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் பாயசம் கொடுத்தோம். மதியம் ஞானத்தாய், ஞானத்தகப்பன் வீட்டாரோடு நாட்டுப்படகில் வந்த பாறை மீன் குழம்பு. இவ்வளவுதானா என்று நேருக்கு நேராகவே கேட்டார்கள். மகளுக்கு வெள்ளைக் கவுன் புதுசு என்பது போதுமாக இருந்தது. ஃபிளெக்ஸ் இல்லை என்று அவள் தம்பிதான் அழுதான்.

எல்லாம் கணக்குப்படி நடக்கவில்லை. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் உண்டு, ஆனால் அது கைக்கு வரும் நாளை நம்பி அரிசி வாங்க முடியாது. அவர் படகு மராமத்துக்கும் பெயிண்ட் வேலைக்கும் போனார். ஜூன் தொடக்கத்தில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போக, பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கினோம். பவுல் சொன்ன இன்னொரு வசனம் அதற்குத்தான் இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

தடை முடிந்ததும் பங்கு நியாயமாகத் தருகிற வேறு படகில் ஏறினார். முன்பணம் இல்லாததால் பழைய படகில் கேட்பாரில்லை. மொய் நோட்டு இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது. சின்னவன் புதுநன்மைக்கு மொத்தமாக வசூலிக்கப் போகிறாராம். அந்தப் பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.