வியாழக்கிழமை அறை

ஏழு நாட்களுக்கு ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்து, அவர் அதை நிரப்புவதை அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான், அவருக்கு மறதிதான் என்று ஓராண்டாக நான் எண்ணியிருந்தது பாதிதான் சரி என்று புரிந்தது. புதன் வரை பிழையின்றிப் போட்டார். வியாழக்கிழமை அறையைத் திறந்தவர், மாத்திரை அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நீயே போட்டுவிடு, எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்றார். அடுத்து எந்த மாத்திரை என்று கேட்டேன். தயங்காமல் சரியாகச் சொன்னார். அந்த நேரத்தில் அவரைத் தடுத்தது மறதி அல்ல.

முதுமையில் நினைவுத்திறன் குறைவதும் மனச்சோர்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கட்டணம் கட்டாமல் கிடக்கும், தொலைபேசி எடுக்கப்படாமல் ஒலிக்கும், அழுக்குத் துணி சேரும். ஆனால் மறதி உள்ளவர் பெரும்பாலும் வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் வரிசையைத் தவறவிடுகிறார்; மனச்சோர்வு உள்ளவருக்கோ தொடங்குவதே மலையாக இருக்கிறது. கேள்வி கேட்டால், முன்னவர் தவறான விடையை நம்பிக்கையோடு சொல்லக்கூடும். பின்னவர் முயலாமலே "தெரியாது" என்று முடித்துக்கொள்வதுண்டு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும் என்பதாலும், முதுமையில் புதிதாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னறிகுறியாகவே அமைவதாலும், வீட்டில் இருப்பவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிடக் கூடாது.

மருத்துவர் அம்மாவுக்கு நினைவுச் சோதனையோடு, ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலையும் வைத்துப் பார்த்தார். தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை எழுதினார். சில தூக்க மாத்திரைகள்கூட நினைவை மழுங்கடிக்கும் என்று சொல்லி, உட்கொண்டுவந்த எல்லா மருந்துகளையும் கேட்டறிந்தார். லேசான நினைவுக் குறைவும் இருந்தது, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வும் இருந்தது. "வயதானால் இப்படித்தான்" என்று நாங்கள் கடத்திய மாதங்களை எண்ணினால் இன்றும் வலிக்கிறது.

முதியவர் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனை அளக்க லாட்டன், பிராடி என்ற இரு ஆய்வாளர்கள் 1969-இல் வெளியிட்ட அளவுகோல், தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று எட்டுச் செயல்களைக் கணக்கில் எடுக்கிறது. குளிப்பது, உடுத்துவது போன்ற அடிப்படைச் செயல்களைவிட, திட்டமிடலும் கவனமும் வேண்டியிருக்கும் இவையே பொதுவாக முதலில் தடுமாறுகின்றன. அம்மாவிடம் தடுமாறியவை மருந்தும் பணமும். நான் செய்ததோ, அவற்றோடு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. அன்பினால்தான் செய்தேன்; ஆனால் செய்ய ஒன்றுமில்லாமல் போனவருக்குச் சோர்வு கூடியது, சோர்வு கூடக் கூடக் கவனம் சிதறியது, அதைக் கண்டு இன்னொன்றையும் வாங்கிக்கொண்டேன்.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். மறதிக்கு எழுதி ஒட்டிய குறிப்பும், பொருளுக்கு மாறாத இடமும் துணை செய்கின்றன. சோர்வுக்குக் குறிப்பு போதாது. தொடங்கும் வேளையில் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. பணக் கணக்கை மட்டும் இருவருமாகப் பார்க்கிறோம், ஏனென்றால் அதில் நேரும் தவறு அவரையே பெரிதும் பாதிக்கும்.

சென்ற ஞாயிறு பெட்டியை நிரப்ப 40 நிமிடங்கள் ஆயின. வியாழக்கிழமை அறையில் ஒரு மாத்திரை கூடுதலாகக் கிடந்தது. எடுத்துவிடக் கை நீண்டது, அடக்கிக்கொண்டு, "ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமா, அம்மா?" என்று கேட்டேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திங்கட்கிழமை அறையிலிருந்து எண்ணத் தொடங்கினார்.