பலாலிக் கவுண்டரில் வீணை

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் பயணிகளைப் பதியும் கவுண்டரில் நிற்கிற எங்களுக்கு வாத்தியப் பெட்டிகள் புதிதல்ல. திருவிழாக் காலத்தில் சென்னையிலிருந்து நாதஸ்வர, தவில் கலைஞர்கள் வருவார்கள். மார்கழியில் இங்கிருந்து பிள்ளைகள் மிருதங்கமும் வீணையுமாகப் போவார்கள். 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கிய பிறகு இந்தப் போக்குவரத்துக்கும் உயிர் வந்தது.

வருகிற விமானம் ஏ.ரி.ஆர். 72 என்கிற சிறிய விமானம். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது; வீணையை அதில் வைக்கவே முடியாது. கீழே பொதிகளோடு போகவேண்டும், இல்லையென்றால் அதற்கென்று இன்னோர் இருக்கை வாங்கவேண்டும். இருக்கை என்றால் யன்னலோரம், அவசர வாசல் வரிசையில் அல்ல, பட்டி போட்டு இறுக்கி. அளவைச் சொல்லி ரிக்கெற் போடும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டு முடிக்கவேண்டிய காரியம் இது. புறப்படும் நாளில் கேட்டால், மனமிருந்தும் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

ஒரு வீணை ரீச்சர் வந்தா. பெட்டியை எடைத்தட்டில் வைக்கமுதல், "தம்பி, வெயிலிலை விட்டிடாதேங்கோ, மெழுகு இளகினா மேளம் போயிடும்" எண்டா. தந்தியை அழுத்தி வாசிக்கிற வீணையின் 24 மெட்டுக்களும் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன; அந்த அமைப்பைத்தான் மேளம் என்கிறார்கள். சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகச் சுற்றியிருந்தா, தந்திகளைத் தளர்த்தியிருந்தா. தன் பக்கத்து வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்த ஒருவருக்கு எங்கள் பக்கம் என்ன செய்வது? பொதி வண்டில் விமானம் நிற்கும் இடத்தருகே வெயிலில் காத்து நிற்கும். ஏற்றுகிற அண்ணைமாரிடம் போய், இதைக் கடைசியாகக் கொண்டுபோங்கோ, மேலே ஒன்றும் அடுக்காதேங்கோ என்று சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் பிடித்த விதமே வேறு. 'உடையும் பொருள்' என்று ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் இதைச் செய்வதில்லை. ஒரு மனிதர் போய்ச் சொல்லவேண்டும்.

உடையும் பொருளுக்குக் கையெழுத்து வாங்கும் சீட்டையும் பலர் பாதுகாப்பு என்றே நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கும் கையெழுத்து. நான் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பேனையைக் கொடுப்பேன்.

போய் இறங்கியதும் பெட்டியை அங்கேயே திறந்து பாருங்கள். வெளியில் கீறலே இல்லாத பெட்டிக்குள் வீணையின் நீண்ட கழுத்தான தண்டி வெடித்திருக்கலாம். சேதமிருந்தால் மண்டபத்தை விட்டு வெளியேறமுதல் முறையிட்டு, படமெடுத்து, எழுத்திலும் கொடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி அதற்குப் பொதி கிடைத்ததிலிருந்து 7 நாள்தான் அவகாசம்.