தேக்கில் செதுக்கும் நாட் விமானம்: ஆறாவது வாரம்

ரெக்கை இரண்டும் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே சரியாகப் போனது. நாட் (Gnat) என்பது 1971 போரில் நம் விமானப்படை ஓட்டிய குட்டிப் போர் விமானம். அதன் ரெக்கை தோள்மட்டத்தில் தொடங்கி, பின்னால் சாய்ந்து, நுனி லேசாகக் கீழே தொங்கும். இரண்டு பக்கமும் ஒரே தொங்கல் வரவேண்டும். தீப்பெட்டி அட்டையை அடியில் ஒவ்வொன்றாகச் செருகி, ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் ஃபெவிகால் வைத்தேன்.

போன மாதமே முடிந்திருக்க வேண்டிய வேலை. மாமா சிங்காநல்லூரில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரி, செய்கிறவர். அவர் பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளில்தான் செதுக்குகிறேன். அசலில் 24இல் ஒரு பங்கு அளவு. அசல் நீளம் 8.74 மீட்டர், எனக்கு 36.4 செ.மீ. வரவேண்டும். அளந்தால் 36.8. ரெக்கையைக் காடியில் வைத்தால் ஆடியது. மேஜையில் கையில் கிடைத்த ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டிருக்கிறேன், அது மாமாவின் கன்ட்ராக்ஷன் ஸ்கேல். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்குமல்லவா, அதற்காகப் பேட்டர்னை நூற்றுக்கு ஒன்று பெரிதாகச் செய்வார்கள். அந்த ஸ்கேலில் கோடுகளே அப்படித் தள்ளித்தான் இருக்கும்.

பட்டி வைத்து மூடிவிடலாம் என்றார் மாமா. எனக்கு மனசு வரவில்லை. இந்த விமானத்துக்கு அதன் அளவுதான் எல்லாமே. உடலைப் புதிதாகச் செதுக்கினேன், மூன்று வாரம் ஆனது.

இது நம் விமானப்படை விமானி ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோனுக்காகச் செய்வது. அவர் 18ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு. 1948இலிருந்து இருந்த ஓர் உடன்படிக்கையால் ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்தி வைத்ததில்லை. 1971இல் பாகிஸ்தானோடு போர் மூண்ட பிறகுதான் நாட் விமானங்கள் அங்கே போயின. அந்த உயரமும் குளிரும் மலைகளும் அவருக்குப் புதிது. டிசம்பர் 14 காலை பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள் வந்து தாக்கின. ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அவர் விமானத்தைக் கிளப்பினார். முன்னால் வேறொரு விமானத்தில் எழும்பிய தலைமை விமானி பார்வையிலிருந்து விலகிப்போக, தனியாளாகச் சண்டையில் இறங்கினார். ஒரு சேபரைச் சுட்டார், இன்னொன்றைத் தீப்பிடிக்க வைத்தார் என்கிறது விருதுப் பாராட்டுரை. கடைசியில் அவருடைய நாட் வீழ்ந்தது. பரம்வீர் சக்ரா பெற்ற விமானப்படை வீரர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அதே 18ஆவது ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு நம் சூலூரில் மறுபடி தொடங்கப்பட்டது. எங்கள் மொட்டை மாடிக்கு மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடுகிறது.

அப்புறம் ஒன்று செய்து பார்த்தேன். சேபரையும் அதே அளவில் அட்டையில் வெட்டிப் பக்கத்தில் வைத்தேன். அதன் ரெக்கை நுனிக்கு நுனி 47 செ.மீ., நாட் விமானத்துக்கு 28தான். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இத்துனூண்டு ப்ளேன்லயா ஆறு பேர்கிட்டச் சண்டைக்குப் போனாரு?"

"ஆமாங் மாமா."

ஒன்றும் சொல்லாமல் நைஸ் உப்புத்தாளை எடுத்து வால் பக்கத்தை அவரே தேய்க்க ஆரம்பித்துவிட்டார். வால் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, அந்த நயம் எனக்கு வராது.

விமானப்படை வட்டத்தைப் பழைய பலகையில் எழுதிப் பழகுகிறேன். நடுவில் பச்சை, வெளியே காவி. முதல் தடவை மாற்றிப் போட்டுவிட்டேன். வட்டம் சரியாக வந்ததும் காற்று நுழைவாய் ஓரங்களில் இரண்டு 30 மி.மீ. பீரங்கிக் குழாய்கள் வைக்க வேண்டும். நம் அளவில் அது ஒன்றேகால் மி.மீ. துளை. அவ்வளவு மெலிசான பித்தளைக் குழாய் டவுன்ஹால் பக்கம் கிடைக்குமா என்று சனிக்கிழமை போய்ப் பார்க்கணும்.