"வலிக்கவில்லை, அழுத்துகிறது": கசானில் ஆறு வருட மருத்துவப் படிப்பு

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் செலவு. மூன்றையும் சமாளித்துவிடலாம். பாஷையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை, நானும் போகும்போது கேட்கவில்லை.

நான் அருப்புக்கோட்டைப் பெண். 2018இல் நீட் எழுதினேன். அந்த வருடம்தான் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேரவும் நீட் தேர்ச்சி கட்டாயமானது. தேர்ச்சி பெற்றேன், ஆனால் அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை, தனியார் கல்லூரிக் கட்டணமோ அப்பாவின் மளிகைக் கடைக்குக் கட்டுப்படியாகாதது. கடைசியில் ரஷ்யாவின் கசான் நகரம் என்று முடிவானது, ஆறு வருடத்துக்கும் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 28 லட்சம் ஆனது. அனுப்பிவைத்த ஏஜென்ட் "எல்லாமே இங்கிலீஷ் மீடியம்தான், ரஷ்யன் பேசத் தெரிந்தாலே போதும், அதுவும் கடைக்குப் போக" என்றார். வகுப்பறை வரைக்கும் அது உண்மைதான். வார்டில் படுத்திருக்கும் நோயாளி எந்த மீடியம் என்று அவர் சொல்லவில்லை.

முதல் வருடம் உடற்கூறியல் லத்தீன் பெயர்களிலேயே ஓடிவிட்டது. அங்கே ஒரு வகுப்பைத் தவறவிட்டால் அது அப்படியே மறந்துபோகாது. 'அத்ரபோத்கா' என்று ஒன்று உண்டு, விட்ட வகுப்பின் பாடத்தைத் தனியாகப் படித்துப் போய் ஆசிரியர் முன்னால் ஒப்பித்து அடைக்க வேண்டும், அதை அடைக்காமல் பரீட்சைக்குப் போக முடியாது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்ததற்கு ஒரு மாதம் அலைந்தேன். ரஷ்ய மொழி வகுப்பும் வாராவாரம் இருந்தது. நான் உட்பட எங்கள் குழுவில் பாதிப்பேர் அதைத் தேர்வுக்காக மட்டும் படித்தோம், அந்த நேரத்தை உடலியங்கியலுக்குக் கொடுத்தால் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டோம். தப்பான கணக்கு.

2020 மார்ச்சில் கொரோனா. ஊருக்கு வந்தேன், மூன்றாம் வருடம் முழுக்க கடைக்கு மேலே இருக்கும் அறையில் லேப்டாப் முன்னால். நோயாளியிடம் எப்படிக் கேட்பது, எப்படித் தட்டிப் பார்ப்பது, நெஞ்சில் குழல் வைத்து எப்படிக் கேட்பது என்று கற்றுத்தருகிற வருடமே அதுதான். ரஷ்யாவில் அதற்கென்றே 'புரபெதேவ்திகா' என்று தனிப்பாடம் உண்டு. அதை நான் திரையில் படித்தேன்.

2021இல் திரும்பிப் போய் நான்காம் வருடம் வார்டுக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நோயாளியைக் கொடுத்துவிடுவார்கள், அவர் கதையை முழுசாகக் கேட்டு எழுதித் தர வேண்டும், ரஷ்ய மொழியில். எனக்குக் கிடைத்தவர் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி, தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். மனப்பாடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். வலிக்கு எனக்குத் தெரிந்த ரஷ்யச் சொல் ஒன்றே ஒன்று, 'பலீத்'. நெஞ்சைக் காட்டி "பலீத்?" என்றேன். அவர் தலையை ஆட்டி, "நி பலீத். தாவித்" என்றார். வலிக்கவில்லை என்பது புரிந்தது, அடுத்த சொல் புரியவில்லை. 'நெஞ்சுவலி இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆசிரியர் அதைப் படித்தார், திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பாட்டியிடம் போய், அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பாட்டி இந்த முறை கையை மூடி, அந்த முஷ்டியை நடு நெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டினார். "தாவித்." அழுத்துகிறது. இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வேதனையைப் பலர் வலி என்று சொல்லவே மாட்டார்கள் என்பது பாடப்புத்தகத்தில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்த வரி. அந்த வரி என் எதிரே உட்கார்ந்திருந்தது, எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி தூங்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். முதல் பக்கம் முழுக்க வலிக்கான சொற்கள். கோலெத் என்றால் குத்துகிறது, ஜ்ஜோத் என்றால் எரிகிறது, நோயெத் என்றால் விடாமல் நோகிறது. இந்தக் கடைசிச் சொல் மட்டும் எழுதும்போதே மனதில் ஒட்டிக்கொண்டது, நம் நோவும் அவர்கள் நோயெத்தும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஹாஸ்டல் வாசலில் இரவுக் காவலுக்கு இருந்த அம்மாவிடம் தினமும் அரைமணி நேரம் பேசினேன். அவருக்கு மூட்டுவலி, ரத்தக்கொதிப்பு, மருமகள் பிரச்சினை எல்லாம் இருந்தன, நான் எல்லாவற்றையும் கேட்டேன், அவரும் சலிக்காமல் என்னைத் திருத்தினார். கிராமத்திலிருந்து வரும் வயதானவர்கள் நடுவே அந்தப் பகுதியின் தாத்தார் மொழிக்கு மாறிவிடுவார்கள், அதிலும் பத்துச் சொல் சேர்ந்தது. ஐந்தாம் வருடம் வார்டில் என்னிடம் நோயாளிகள் தாங்களாகவே பேச ஆரம்பித்தார்கள்.

இதற்கு நடுவே 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்கள் இரண்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. சீனியர்கள் கொடுத்த கடனில் இரண்டு மாதம் ஓட்டினேன்.

2024 ஜூனில் பட்டம். பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் இணைப்புக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய அப்போஸ்தில் முத்திரை வாங்கி ஊர் வர நேரமானதால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வு அந்த ஜூலையில் கைநழுவியது. மொத்தம் 300 கேள்வி, காலையில் 150, மதியம் 150, தவறான பதிலுக்கு மதிப்பெண் குறையாது, 150 எடுத்தால் தேர்ச்சி. கேட்கச் சுலபம்போல இருக்கும், ஆனால் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. 2025 ஜனவரியில் எனக்கு 141. மதுரையில் அறை எடுத்து, பழைய வினாக்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஜூலையில் 163. ஆன்லைனில் படித்த மாதங்களுக்கு நேரடி வகுப்பு ஈடுசெய்யப்பட்டது என்று பல்கலைக்கழகத்திடம் எழுதி வாங்கியிருந்தேன், மருத்துவக் கவுன்சில் பதிவின்போது அந்த ஒரு தாள் என்னைக் காப்பாற்றியது.

இப்போது சேர்கிறவர்களுக்கு விதி இன்னும் இறுகிவிட்டது. 2021 நவம்பர் 18க்குப் பிறகு சேர்ந்தவர்கள் குறைந்தது 54 மாதம் படித்து, அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி முடித்து, இங்கே வந்து இன்னொரு 12 மாதம் செய்ய வேண்டும். அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் இருக்க வேண்டும், ரஷ்யாவில் அதற்கான தேர்வு ரஷ்ய மொழியில்தான் நடக்கிறது. "பாஷை வேண்டாம்" என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் நடந்தே வந்தார். சர்க்கரை உண்டு. வாயு மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தால் போய்விடுவேன் என்றார்.

"நெஞ்சு வலிக்குதாய்யா?"

"வலியெல்லாம் இல்ல தாயி. கரிக்கிற மாதிரி, ஒரு பாரம்."

எங்கே என்று கேட்டேன். முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்தார். உடனே படுக்கவைத்து ஈசிஜி எடுக்கச் சொன்னேன். இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற மூன்று லீடிலும் எஸ்டி என்ற கோடு எழும்பி நின்றது. மாரடைப்பு.