கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்

என் தந்தைக்குப் பெருங்குடல் அறுவைச் சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. சோதனைக் காலம் அதன் பிறகுதான் தொடங்கியது. வலி குறைய ஊசி போட்ட பின்னும், போர்வை வயிற்றில் படுவதைக்கூட அவரால் பொறுக்க முடியவில்லை. தையலின் ஓரத்திலோ லேசான சிவப்பு மட்டுமே தெரிந்தது. இரவுப் பணியிலிருந்த மருத்துவர் கட்டைப் பிரித்தும் பாராமல், "வயிற்றைத் திறந்தால் வலிக்காமல் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். புண்ணின் தோற்றத்துக்குப் பொருந்தாத அந்த வலிதான், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பையும் தசையுறையையும் அழுகச் செய்யும் நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ் என்னும் கிருமித் தொற்றின் முதல் எச்சரிக்கை.

எங்களைக் காப்பாற்றியவர் ஒரு செவிலியர். சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைத்தார். விடிவதற்குள் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. வீக்கம் அதற்கும் அப்பால் விலா வரை பரவியிருந்தது. தையல் இடுக்கில் கசிந்தது சீழன்று, பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் சாம்பல் நிறத்தில் நாறும் நீர். காய்ச்சல் அதிகமில்லை என்பதால் யாரும் ஏமாறக் கூடாது. நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதும் ஸ்கேன் எடுத்த பிறகு பார்க்கலாம் என்று காக்க வைத்தார்கள். தலைமை அறுவை மருத்துவர் வந்துதான், ஸ்கேனில் காற்றுக் குமிழி தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, திறந்து பார்ப்பதே சோதனையும் சிகிச்சையும் என்று சொல்லி உடனே அறுவை அரங்குக்கு அனுப்பினார். ரத்தம் கசியும் நல்ல சதை தென்படும்வரை அழுகியதை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். குடல் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். பல வகைக் கிருமிகள் சேர்ந்திருக்கும் என்பதால் மெரோபெனம், வாங்கோமைசின், கிளிண்டாமைசின் என்ற மூன்று கிருமிக்கொல்லி மருந்துகளும் நரம்பு வழியே ஏறின. 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும் என்றபோது பதறினோம். ஆனால் ஒரே தடவையில் முடிவது அரிதாம். தீவிர சிகிச்சைப் பிரிவு, தோல் ஒட்டு எல்லாம் ஒருவாறு கடந்தன.

வீடு திரும்பும்போது தந்த சுருக்க அறிக்கையில் வெறும் "தையல் தொற்று" என்றிருந்தது. வயிற்றுச் சுவர் பலமிழந்த இடத்தில் பின்னால் குடலிறக்கம் வரக்கூடும் என்பதால், நோயின் முழுப் பெயரையும் கிருமிப் பரிசோதனை முடிவையும் எழுதித் தரும்வரை நாங்கள் அங்கிருந்து கிளம்பவில்லை.